சொன்ன பேச்சைக் கேட்காமலேயே ஜெயிக்கிற பையனை என்ன செய்வது?

ஸ்டூல்தூக்கி:
பையனுக்கு வயது 19. என்னிடம் வரும்போது 14. இதுவரை 11 குத்துச்சண்டைப் போட்டியில் 9 ஜெயித்திருக்கிறான். ஜாப் (இடதுகையை நேராக நீட்டி விடுகிற குத்து) அருமையாகப் போடுவான், எதிராளி பார்ப்பதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் திரும்பி வரும்போது அந்தக் கை கன்னத்துக்கு வராது, நேராக இடுப்புக்குப் போய் அங்கேயே தொங்கும். ஐந்து வருடமாக ஒரே பாட்டு, "கையைத் தூக்கு, கையைத் தூக்கு". என் தொண்டைதான் போனது.

போன போட்டியில் ரெண்டாவது ரவுண்டில் அந்த இடைவெளியில் ஒரு வலதுகைக் குத்து விழுந்தது. ரெஃப்ரி எட்டு எண்ணினார். இவன் எழுந்து மூன்றாவது ரவுண்டில் அடித்து நொறுக்கி ஜெயித்துவிட்டான், அதுதான் வினை. இறங்கி வந்ததும் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே "ஜெயிச்சிட்டேன்ல மாஸ்டர்" என்கிறான்.

போன வாரம் அவன் குத்திப் பழகுவதற்காகக் கையில் பேட் (மெத்தைப் பட்டை) பிடித்துக்கொண்டிருந்தேன். கை இறங்கின ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் பேடால் ஒரு தட்டு. ஏழோ எட்டோ தட்டு ஆகியிருக்கும், கையுறையைப் பல்லால் கழற்றிக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டான். மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து கயிறு குதிக்கிறான். முன்பெல்லாம் கையுறைக்கு அடியில் பேண்டேஜ் சுற்றக் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்து உட்காருவான், இப்போது ஒரு வருடமாக மூலையில் உட்கார்ந்து அவனே சுற்றிக்கொள்கிறான்.

ஆறு வாரத்தில் அடுத்த போட்டி. எதிராளியை நான் பார்த்திருக்கிறேன், ஜாபுக்கு மேலே வலதுகையை விடுவதுதான் அவனுக்குத் தொழிலே. பையனை ரிங்கில் இறக்கட்டுமா, வேண்டாமா?

மணியடிச்சாச்சு:
வெளியே அனுப்புங்கள். ஒருத்தனுக்கு விட்டுக்கொடுத்தால் மொத்த ஜிம்மும் கெடும்.

பழங்கணக்கு:
இந்தக் கதை 1936-லேயே நடந்துவிட்டது. அமெரிக்க ஹெவிவெயிட் வீரர் ஜோ லூயிஸ் அப்போது தோற்றதே கிடையாது. ஆளைப் பார்த்தாலே பாதிப் பேர் ரிங்குக்கு வெளியே விழுவார்கள். மாக்ஸ் ஷ்மெலிங் முன்னாள் சாம்பியன், ஆனால் கதை முடிந்த ஆள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் லூயிஸின் சண்டையைப் பார்த்துவிட்டு, நான் ஒன்றைக் கவனித்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். அவர் கவனித்தது உங்கள் பையனிடம் இருக்கிற அதே கோளாறு, ஜாப் போட்ட பிறகு இடதுகை கீழே இறங்குவது. ஜூன் 19, நியூயார்க். நாலாவது ரவுண்டில் லூயிஸ் கீழே விழுந்தார், 12-வது ரவுண்டில் எழுந்திருக்கவில்லை. அந்தச் சண்டைக்கு முன்னால் பயிற்சியைவிட கோல்ஃபில்தான் லூயிஸுக்கு அதிக நாட்டம்.

ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. லூயிஸின் பயிற்சியாளர் ஜாக் பிளாக்பர்ன், அவரும் பழைய குத்துச்சண்டைக்காரர், கடுமையான ஆள். இவர் அவரை "சாப்பி" என்பார், அவரும் இவரை "சாப்பி" என்பார். ஒரே பெயரை ரெண்டு பேரும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொள்வார்கள். தோல்விக்குப் பிறகும் அந்த ஜோடி பிரியவில்லை. 1938 ஜூன் 22, மறுபடி ஷ்மெலிங். முதல் ரவுண்டிலேயே 2 நிமிடம் 4 விநாடியில் லூயிஸ் முடித்துவிட்டார். ஆகவே வெளியே அனுப்பு என்று எடுத்தவுடனே சொல்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

கைகீழே:
கை கீழே இருந்தால் தப்பு என்று யார் சொன்னது? முகம்மது அலி கையைத் தொங்கப்போட்டுத்தான் ஆடினார். 1974-ல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனுக்கு எதிராக அவர் கயிற்றில் சாய்ந்து நின்றபோது, அங்கிருந்து வெளியே வா என்று அவருடைய பயிற்சியாளர் ஆஞ்செலோ டண்டீ கார்னரிலிருந்து (பயிற்சியாளர் நிற்கிற மூலை) கத்திக்கொண்டே இருந்தார். கேட்டாரா? கேட்கவில்லை. எட்டாவது ரவுண்டில் ஃபோர்மன் தரையில் கிடந்தார். அன்றைக்கு அலி பேச்சைக் கேட்கிற பிள்ளையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பிடிவாதம் இல்லாதவன் குத்துச்சண்டைக்கே வரமாட்டான் ஐயா. முகத்தில் குத்து வாங்கிவிட்டு மறுபடி முன்னால் போவதே பிடிவாதம்தானே. அது மட்டும் வேண்டும், உங்களிடம் மட்டும் காட்டக்கூடாது என்றால் எப்படி?

பழங்கணக்கு:
கேள்வி நியாயம்தான். ஆனால் அலி கையைத் தொங்கப்போட்டதற்கு வட்டி கட்டவில்லை என்று சொல்லாதீர்கள். 1963-ல் ஹென்றி கூப்பரின் இடது ஹூக்கில் (பக்கவாட்டில் வளைத்து விடுகிற குத்து) விழுந்தார். 1971-ல் 15-வது ரவுண்டில் ஜோ ஃப்ரேசியரின் இடது ஹூக்கில் மல்லாந்தார். ரெண்டும் கை மேலே இல்லாத பக்கத்தில் வந்தவை.

கையைக் கீழே வைத்து ஆடுகிறவர்களுக்குப் பாதுகாப்பு காலில் இருக்கும். இங்கிலாந்தில் பிரெண்டன் இங்கிள் என்ற பயிற்சியாளர் தன் ஜிம்மின் தரையில் கோடுகள் வரைந்து வைத்து, பிள்ளைகளை மணிக்கணக்கில் அதன் மேலேயே நடக்கவிட்டார். பிற்பாடு உலக சாம்பியன் ஆன நசீம் ஹமீது ஏழு வயதில் அங்கே போனவர். அவர் கையைத் தொங்கப்போட்டதைப் பார்த்துத் திமிர் என்றார்கள், அது அந்தக் கோடுகளின் மேல் நடந்து நடந்து வந்த தெம்பு. பிற்பாடு இருவருக்கும் பகை வந்து பிரிந்தார்கள். 2001-ல் மெக்ஸிகோக்காரர் மார்கோ அன்டோனியோ பரேரா ஹமீதைப் பன்னிரண்டு ரவுண்டும் பாடம் படிக்கவைத்த மாதிரி அடித்தார். இங்கிள் 2018-ல் இறந்துபோனார். சண்டையில் தோற்றதைவிட இந்தப் பிரிவுதான் எனக்கு வருத்தம்.

முன்னாள் அடங்காப்பிடாரி:
நான் உங்கள் பையன் மாதிரி இருந்தவன், அதனால் அந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். ரெண்டு ரவுண்டுக்கு நடுவில் ஸ்டூலில் உட்காருகிற அந்த ஒரு நிமிடம் வெளியே இருந்து பார்ப்பதற்கு ஒரு நிமிடம் மாதிரி தெரியும். உள்ளே இருப்பவனுக்கு முதல் இருபது விநாடி மூச்சைத் தவிர எதுவும் கேட்காது. ஒருத்தர் பல் கவசத்தை உருவுவார், ஒருத்தர் தண்ணீர் ஊற்றுவார், யாரோ காலைப் பிடித்து உதறிவிடுவார்கள், காதில் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம். கடைசிப் பத்து விநாடியில் எழுந்து நிற்கச் சொல்லிவிடுவார்கள். மிச்சம் முப்பது விநாடி. அதில் என் வாத்தியார் ஆறு விஷயம் சொல்வார். கை, கால், தூரம், மூச்சு, உடம்பில் அடி, தலையை ஆட்டு. நான் எதைப் பிடித்துக்கொள்வேன்? மண்டையை ஆட்டிவிட்டுப் போய் எனக்குத் தெரிந்ததையே செய்வேன். அவர் அதைத் திமிர் என்றார்.

இன்னொன்று. ஜெயித்தாலும் தோற்றாலும் அவர் சொல்வது ஒன்றுதான். ஒரு தடவை ஒருத்தனை முதல் ரவுண்டிலேயே சாய்த்துவிட்டு இறங்கினேன், அன்றைக்கும் கை இறங்குகிறது என்றார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் அன்றையிலிருந்து அவர் குரல் எனக்குச் சுவரில் ஓடுகிற மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது, ஓடிக்கொண்டே இருக்கும், காதில் விழாது. 27 வயதில் கண் விழித்திரை கிழிந்து நிறுத்தவேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிக்கு என்னுடன் வந்தவர் அவர் ஒருத்தர்தான். அங்கேயும் திட்டினார்.

ஸ்டூல்தூக்கி:
ஐந்து வருடம் காலை அஞ்சு மணிக்குக் கதவைத் திறந்து வைத்தவனைப் பார்த்து மின்விசிறி என்கிறீர்கள். சரி. கோபமாக எழுதிப் பாதி அழித்துவிட்டேன். ஜெயித்த அன்றைக்கு நான் அவனிடம் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். கை இறங்கியது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

பேட் பிடிக்கிறவள்:
நானும் சொல்லிக்கொடுக்கிறவள்தான். உங்கள் பையன் பிடிவாதக்காரனா இல்லையா என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் அவன் காலைப் பார்த்தீர்களா? ஜாப் போட்டவுடன் கை இடுப்புக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் முன்காலில் எடையைக் கொட்டிவிடுகிறவர்கள். முன்னால் சாய்ந்து போய்விட்டு, விழாமல் இருக்க அந்தக் கையை வீசித்தான் நிமிர்கிறார்கள். நாம் ஒற்றைக் கம்பியில் நடந்தால் கையை விரிக்க மாட்டோமா, அந்த மாதிரி. நீங்கள் கையைத் தூக்கு என்று எத்தனை வருடம் கத்தினாலும் உடம்பு கேட்காது, ஏனென்றால் கேட்டால் விழுந்துவிடும். பக்கவாட்டில் நின்று போனில் படம் எடுங்கள், மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அவன் மூக்கு முன்முழங்காலைத் தாண்டிப் போகிறதா?

இன்னொரு காரணம் தோள் அல்லது மணிக்கட்டு. வலி இருந்தால் சொல்ல மாட்டார்கள், சொன்னால் இறக்கமாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். கேட்டீர்களா?

அப்புறம் அந்தக் கன்னத்தில் தட்டுகிற வேலை. நானும் செய்வேன், ஆனால் ஒரு ரவுண்டில் ரெண்டு தடவைக்கு மேல் கிடையாது. அதற்கு மேல் போனால் அது அவமானம் ஆகிவிடும். சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கும்போது ஏழு எட்டு தட்டு வாங்கினால் நானும் கையுறையைக் கழற்றிப் போட்டிருப்பேன்.

டண்டீயை மேலே ஒருத்தர் தோற்ற கட்சி மாதிரி எழுதியிருக்கிறார். அந்த மனிதர் அலியிடம் நேராக எதையும் சொல்ல மாட்டாராம். பயிற்சியில் அலி போடாத ஒரு குத்தை, நீ இன்றைக்குப் போட்டது பிரமாதம் என்று பாராட்டுவாராம். மறுநாள் அலி அதைப் போடுவார், தானே கண்டுபிடித்த மாதிரி. பிடிவாதக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நம்முடைய பெயர் அதில் வராது, அவ்வளவுதான் நஷ்டம்.

மணியடிச்சாச்சு:
தாஜா பண்ணி ஆட வைக்கவேண்டிய ஆளுக்குப் போட்டி எதற்கு? பயிற்சியாளர் டெடி அட்லஸ் தாஜா பண்ணவில்லையே. 1994 ஏப்ரலில் ஹோலிஃபீல்டுக்கு எதிராக அவருடைய ஆள் மைக்கேல் மூரர் சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தார். ரவுண்டு முடிந்து திரும்பி வந்தால் ஸ்டூலில் அட்லஸ் உட்கார்ந்திருக்கிறார். நான் போய்ச் சண்டை போடட்டுமா, இடத்தை மாற்றிக்கொள்வோமா என்று கேட்டார். மூரர் அன்றைக்குப் புள்ளியில் ஜெயித்து சாம்பியன் ஆனார். இடதுகை ஆட்டக்காரர் ஒருவர் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனது அதுதான் முதல் தடவை.

பழங்கணக்கு:
பாதிக் கதையைச் சொன்னால் எப்படி. அதே வருடம் நவம்பர் 5, அதே மூரர், அதே அட்லஸ், எதிரே 45 வயது ஃபோர்மன். புள்ளியில் மூரர் முன்னணியில் இருந்தார். ஃபோர்மனின் வலதுகைக்கு நேராக நிற்காதே என்று கார்னரில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பத்தாவது ரவுண்டில் அதே வலதுகை, அதே இடம். ஏப்ரலில் வேலை செய்த வாய் நவம்பரில் வேலை செய்யவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து காட்டுகிற வித்தையை ஒருத்தனிடம் ஒரு தடவைதான் காட்டலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

துண்டு:
எல்லோரும் கையைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த எதிராளி மேலே விடுகிற வலதுகை ரெண்டு தடவை விழுந்து, பையன் கண் சொருகி நின்று, "நான் நல்லாத்தான் இருக்கேன் மாஸ்டர்" என்றால் நிறுத்துவீர்களா மாட்டீர்களா? ஸ்டூல்தூக்கி, இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

ஃப்ரேசியரின் பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் 1975-ல் மணிலாவில் 14 ரவுண்டு முடிந்ததும் அவரை எழுந்திருக்கவிடவில்லை. வலது கண் வீங்கி மூடிவிட்டது, இடது கண்ணில் ஏற்கெனவே பார்வை குறைவு. வருகிற குத்து தெரியாத ஆளை அலிக்கு எதிரே இன்னும் மூன்று நிமிடம் நிறுத்துவதா? ஃப்ரேசியர் கெஞ்சினார். உட்காரு மகனே, முடிந்தது, இன்றைக்கு நீ செய்ததை யாரும் மறக்கமாட்டார்கள் என்றார் ஃபட்ச்.

கைகீழே:
அலியே அடுத்த ரவுண்டுக்கு எழுந்திருக்கமாட்டார் என்ற நிலையில் இருந்தார் என்றும் சொல்கிறார்கள். மூன்று நிமிடத்தில் உலகப் பட்டம். அதை இன்னொருத்தர் முடிவு பண்ணிப் பறித்தால் நான் மன்னிக்கமாட்டேன். 2020-ல் ஃப்யூரிக்கு எதிராக வைல்டர் ஆடும்போது ஏழாவது ரவுண்டில் அவருடைய பயிற்சியாளர் மார்க் பிரீலண்ட் சண்டையை நிறுத்தச் சொல்லித் துண்டு வீசினார், வைல்டர் அவரை வேலையை விட்டே அனுப்பினார். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது.

துண்டு:
புரியட்டும். அடுத்த வருடம் அக்டோபரில் அதே ஃப்யூரியிடம் துண்டு வீசாத கார்னரோடு போனார் வைல்டர், 11-வது ரவுண்டில் சாய்த்தார்கள், அதுவரை வாங்கியதை எண்ணிப் பார்த்தீர்களா? கோபம் இருக்கலாம். கோபப்படுவதற்கு மண்டைக்குள் எல்லாம் சரியாக இருக்கவேண்டுமே, அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர் மேல்தான் அந்தக் கோபம்.

ஃபட்சிடமே இன்னொரு பிடிவாதக்காரர் இருந்தார், ஃப்ரெடி ரோச். உடம்பு அடி வாங்குகிறது, நிறுத்திவிடு என்றார் ஃபட்ச். ரோச் கேட்கவில்லை, அப்பாவைக் கார்னரில் வைத்துக்கொண்டு தொடர்ந்தார், தோற்றார், 1986-ல் 26 வயதில் நிறுத்தினார். பிற்பாடு பார்கின்சன் நோய் வந்தது. ஆட்டத்தை நிறுத்தின பிறகு யாரிடம் போய் நின்றார்? அதே ஃபட்சிடம், உதவியாளராக. அவரும் சேர்த்துக்கொண்டார். பின்னால் பிலிப்பைன்ஸின் உலக சாம்பியன் பக்கியாவோவை வளர்த்தது அந்த ரோச்தான். பேச்சைக் கேட்காதவன் திரும்பி வரும்போது கதவு திறந்திருக்கவேண்டும், அதுவும் இந்த வேலையில் ஒரு பகுதி.

ஸ்டூல்தூக்கி:
துண்டு, உங்களுக்கு முதலில் பதில். நிறுத்துவேன். அவன் அப்புறம் முகத்தில் விழிக்காவிட்டாலும் நிறுத்துவேன்.

படம் எடுத்தேன். பேட் பிடிக்கிறவள் அம்மா சொன்னது சரி, மூக்கு முழங்காலைத் தாண்டி ஒரு சாண் முன்னால் போகிறது. ஐந்து வருடம் எதிரே நின்று பேட் பிடித்தவனுக்குப் பக்கவாட்டில் இருந்து பார்க்கத் தோன்றவில்லை. இப்போது கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ரிங்கின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டி, அதை முன்முழங்கால் தொடாமல் ஜாப் போடு என்று மட்டும் சொன்னேன். முதல் நாள் எரிச்சல்பட்டான். மூன்றாம் நாள் கை பாதிக்கு மேலேயே நிற்கிறது, அவனுக்கே தெரியாமல்.

தோள் வலியா என்று கேட்டேன். "இல்ல மாஸ்டர்" என்று ஒரே வார்த்தை. கார்னரில் இனி ஒரு ரவுண்டுக்கு ஒரே ஒரு விஷயம் என்று எனக்கு நானே கட்டளை போட்டிருக்கிறேன். பயிற்சியிலேயே ஸ்டூல் போட்டு ஒரு நிமிடம் வைத்துப் பழகுகிறேன். முதல் இருபது விநாடி வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

முன்னாள் அடங்காப்பிடாரி:
என் வாத்தியாரிடம் இதைப் படித்துக் காட்டினேன். "இருபது செகண்ட் பேசாம நின்னா அப்புறம் கோச் எதுக்கு" என்கிறார். வயது 74.

பேட் பிடிக்கிறவள்:
முழங்காலில் படுகிற கயிறு என்றால் முழங்கால் உயரத்தில் கட்டவேண்டும், இடுப்பு உயரத்தில் இல்லை. எழுதும்போது மாறிவிட்டது என்று நினைக்கிறேன். வாரம் மூன்று நாள் போதும், தினமும் வேண்டாம், பின்கால் தொடை பிடித்துக்கொள்ளும். ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டை) மேலே வலதுகை விடுகிற ஒருத்தனைக் கூப்பிட்டு, அவன் அந்த ஒரு குத்தை மட்டும்தான் விடலாம், அதுவும் பாதி வேகத்தில் என்று நாலு ரவுண்டு வையுங்கள்.

ஸ்டூல்தூக்கி:
ஆமாம், முழங்கால்தான். கயிற்றைச் சரியாகத்தான் கட்டியிருக்கிறேன், தப்பாக எழுதிவிட்டேன்.

ஸ்டூல்தூக்கி:
போட்டி முடிந்தது. தோற்றான். மூன்று நடுவர் அந்தப் பையனுக்கு, ரெண்டு பேர் இவனுக்கு. முதல் ரெண்டு ரவுண்டும் கை மேலே இருந்தது, அந்த வலதுகை கையுறையிலும் தோளிலும் பட்டுச் சிதறிப் போனதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மூன்றாவதில் களைத்தான், பழைய மாதிரி முன்னால் சாய்ந்தான், கை இறங்கியது, ஒன்று விழுந்தது. ஆட்டம் காணவில்லை, ஆனால் ரவுண்டு போய்விட்டது. கார்னரில் நான் ஒவ்வொரு தடவையும் "பின்கால்" என்று மட்டும் சொன்னேன். இறங்கி வந்ததும் முதல் ரெண்டு ரவுண்டு நான் பார்த்ததிலேயே உன் நல்ல ஆட்டம் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

மணியடிச்சாச்சு:
நான் சொன்னபடி அனுப்பியிருந்தால் இந்தத் தோல்வி உங்கள் கணக்கில் வந்திருக்காது. சும்மா சொன்னேன். நல்ல வேலை செய்திருக்கிறீர்கள்.

கைகீழே:
தோற்ற பிறகு என்ன சொன்னான்?

ஸ்டூல்தூக்கி:
ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் வந்தான், மூலைக்குப் போகாமல் நேராக என் முன்னால் வந்து உட்கார்ந்து இடதுகையை நீட்டினான். பேண்டேஜைக் கட்டைவிரலில் மாட்டி மணிக்கட்டுக்கு இழுத்தேன், முகம் சுருங்கியது. கட்டைவிரல் அடியில் வீக்கம், தொட்டால் சூடு. எவ்வளவு நாளாக என்றேன். "போன வருஷத்துல இருந்து மாஸ்டர்" என்றான்.

எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எலும்பில் ஒன்றும் இல்லை, தசைநார் என்கிறார் டாக்டர். ஆறு வாரம் இடதுகையால் எதையும் குத்தக்கூடாது. வலதுகையால் மட்டும் பேக் அடிக்கிறேன் என்று நிற்கிறான், இன்று காலையில் அதற்கும் ஒரு சண்டை. பேட் பிடிக்கிறவள் அம்மா, கட்டைவிரல் தசைநாருக்கு அப்புறம் பேண்டேஜை எந்தப் பக்கமாகச் சுற்றுவது நல்லது? நான் உள்பக்கமிருந்துதான் சுற்றிப் பழக்கம்.